இருபத்திரண்டு அங்குலம்

இரும்புக் குழாயை அறுக்கும் முன் ஒரு கிரீம் பன், அறுத்து முடித்தால் ஒரு பாட்டில் கலர். அதில் கடைசி மடக்கை மட்டும் மிச்சம் வைப்பார். சர்க்கரை மாத்திரையை விழுங்க வேண்டுமே.

நாற்காலிக்காரர் என்றால்தான் அவரைத் தெரியும். ஆஸ்பத்திரி, ஆபீஸ், சினிமா கொட்டகை எல்லாவற்றுக்கும் வரிசை நாற்காலி செய்து தருகிறவர். நாட்டு மக்கள் என்ன தின்கிறார்கள் என்று அவர் எட்டிப் பார்த்ததில்லை. தின்றது எங்கே போய்ச் சேர்ந்தது என்பதைத்தான் முப்பது வருஷமாக அளந்துகொண்டிருக்கிறார்.

"மொதல்ல உக்கார்ற எடம் பதினாறு அங்குலம் இருந்தாப் போதும். பாக்கெட் தீனி வந்துச்சு, பதினெட்டு. சாப்பாடு பைக்ல வீடு தேடி வந்துச்சு, இருபது. இப்ப சர்க்கரை ஆஸ்பத்திரில இருபத்திரண்டு கேக்குறாங்க, அதுவும் நூறு நாற்காலி! சனங்க நல்லாத் தின்னட்டும்யா" என்று மனம் குளிர வாழ்த்துவார்.

டாக்டர் அதட்டும்போது மட்டும் முகம் தொங்கிவிடும். "நான் சோத்தைத் தொட்டே ரெண்டு வருஷம் ஆச்சுங்க." சத்தியமான பேச்சு. பாக்கெட்டில் வருவது, பெட்டியில் வருவது, பாட்டிலில் வருவது எதுவும் அவரைப் பொறுத்தவரை சாப்பாடே இல்லை.

"ஊரையே அளக்குறீங்க, உங்களை ஒரு தடவை அளந்து பாருங்களேன்" என்பார் மனைவி.

"என் டேப்பு அவ்வளவு நீளமில்லடி."

மகளுக்குப் பிரசவம் மாப்பிள்ளை ஊரில். ஐந்து மாதப் பேத்தியை இன்னும் அவர் தொட்டதுகூட இல்லை. வருகிறார்கள் என்று தெரிந்ததும், அவளை மடியில் வைத்துக்கொள்ளத் தனக்கென்றே ஒரு நாற்காலி செய்தார். கைப்பிடி கிடையாது, பஞ்சு மெத்தை, மூன்று பூச்சு பெயின்ட். தெருவில் போகிறவர்களை எல்லாம் இழுத்து வந்து காட்டினார்.

மகள் வந்தாள். ராஜா மாதிரி உட்கார்ந்து கையை நீட்டினார். குழந்தையை வைத்தாள். வைத்த இடத்தில் தொப்பை இருந்தது. பேத்தி சறுக்கி முழங்காலுக்கு வந்துவிட்டாள். மகள் பாய்ந்து பிடித்தாள்.

"என்னப்பா, மடியவே காணோம்?"

"இங்கதான்டி இருந்துச்சு." குனிந்து பார்த்தார். தெரிந்தால்தானே!

"சரி விடுங்க, அம்மா வச்சுக்கட்டும்."

"ஏய், இரு இரு!"

மூச்சை இழுத்து வயிற்றை எக்கினார். நாலு விரல் இடம் கிடைத்தது. அந்த நாலு விரலில் பேத்தி சாய்ந்து உட்கார்ந்து, தாத்தாவின் சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுத்தாள். அவருக்குக் கழுத்து நரம்பு புடைத்தது. காது வரை சிவந்தது.

"போதும்ப்பா, மூச்சை விடுங்க. குடுங்க இங்க."

வாயைத் திறக்காமல், இன்னும் ஒரே நிமிஷம் என்று ஒரு விரலை மட்டும் உயர்த்திக் காட்டினார்.