தள்ளிவைத்த வீட்டுத் தயிர்

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்தவை:

1. திருப்பூர் வேலம்பாளையத்தில் அக்கா குடும்பத்தோடு நான் குடியிருக்கும் லைன் வீட்டின் அடுத்த வாசலிலிருந்து சரசக்கா வந்து, "ஏனுங் கண்ணு, கொஞ்சம் ஒறமோர் இருக்குதுங்களா?" என்று கேட்டார்.
2. நான் எங்கள் பாத்திரம் ஒன்றில் ஒரு கரண்டி ஊற்றிக் கொடுத்தேன்; இந்தப் பக்கம் அதைப் போசி என்பார்கள்.
3. ஊரிலிருந்து வந்திருந்த அம்மா, அவர் போனதும் கேட்டாள்: "ஏட்டி, நாம யாருன்னு அவியளுக்குத் தெரியுமா?"

தெரியும். தெரிந்துதான் கேட்கிறார்.

ஊரிலிருந்து இதைப் படிப்பவர்களுக்கு 'தள்ளி வைத்தல்' என்ற சொல்லை நான் விளக்க வேண்டியதில்லை. என்னைப் போல இங்கே பிழைக்க வந்தவர்களில், அதைக் கேள்வி மட்டும் பட்டவர்களுக்காகச் சொல்கிறேன். திருநெல்வேலிப் பக்கம் எங்கள் ஊர். அக்கா வேறு சாதிக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டு திருப்பூர் வந்ததும் எங்கள் வீட்டைத் தள்ளி வைத்தார்கள். அகராதி 'விலக்குதல்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடும். நான் வீரபாண்டியில் துணிச் சாயம் சோதிக்கும் ஒரு டையிங் லேப்பில் வேலை பார்ப்பவள். எதையும் சோதனையில் என்ன ஆகிறது என்று பார்த்தே பழக்கம். ஊர்க் குழாயடியில் அம்மா குடத்தை வைத்தால் மற்றவர்கள் தங்கள் குடங்களை நகர்த்திக்கொள்வார்கள். யாரும் திட்டுவதில்லை. சாவுக்குச் சொல்லி அனுப்புவதில்லை. உறைமோர் கேட்டால் "இப்பத்தான் தீந்துச்சு" என்பார்கள். அம்மா பிறகு கேட்பதையே விட்டுவிட்டாள். உறைமோர் கெட்டுப்போனால் மிளகாய்க் காம்பைப் பாலில் போட்டுத் தயிராக்குவாள். உறையும். ஆனால் வழுவழுப்பாக, கொஞ்சம் காரவாடையோடு இருக்கும். அந்தச் சொல்லுக்கு எனக்குத் தெரிந்த பொருள் அந்தத் தயிர்தான்.

அம்மா சும்மா வரவில்லை. கோயிலில் நின்று "மூத்தவ எங்களுக்கு இல்ல" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் வீட்டைச் சேர்த்துக்கொள்வதாக ஊர்ப் பெரியவர்கள் சொல்லியனுப்பியிருந்தார்கள். அப்பா முடிவை அம்மாவிடம் விட்டுவிட்டார். அக்காவைப் பார்த்துவிட்டு முடிவெடுக்கத்தான் அம்மா பஸ் ஏறியிருந்தாள். அக்காவுக்கும் அது தெரியும். அவள் பனியன் கம்பெனிக்குப் போய் வந்து, அம்மாவுக்குப் பிடித்த சொதி வைத்தாள்.

மறுநாள் சரசக்கா எங்கள் போசி நிறைய முருங்கைக்கீரையோடு வந்தார். "வெறும் போசி குடுக்கக் கூடாதுங்க." வாசலில் நின்ற அம்மா கையை நீட்டவே இல்லை. "ஏனுங்க, கீரை ஆகாதுங்களா?" என்றார் சரசக்கா, முகம் வாடி. வாசலில் ஒருவர் எதையாவது நீட்டி அம்மாவுக்கு வெகுகாலம் ஆகிறது என்பது வரைக்கும் அவர் எப்படி அறிவார்? "ஆகும், நல்லா ஆகும்" என்று அம்மா அவசரமாக வாங்கிக்கொண்டாள்.

கிளம்பும் நாளில், யாரிடமும் சொல்லாமல், ஒரு சின்ன பாட்டிலோடு அம்மா சரசக்கா வாசலில் போய் நின்றாள்.

"கொஞ்சம் ஒறமோர் தாங்களேன்."

"உங்க ஊட்டுலயே போசி நெறையத் தயிர் இருக்குது, எங்கிட்ட வந்து கேக்கறீங்களே!"

"அது எம்மக வீட்டுத் தயிரு. எனக்கு அடுத்த வீட்டுத் தயிரு வேணும்."

"அப்படீங்களா! மூடிய இறுக்கிப் போடுங்க. புளிச்சுப் பொங்குச்சுன்னா முன்சீட்டுக்காரனுக்கு பஸ்ஸுலயே அபிஷேகந்தான்!"

அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். சரசக்காவின் தயிரே ஞாயிற்றுக்கிழமை நான் கொடுத்த கரண்டி மோரில் உறைந்ததுதான். லேப்பில் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒன்று. நான் மூடியை இன்னொரு முறை இறுக்கிக் கொடுத்தேன்.

பஸ் ஸ்டாண்டில் அம்மா அக்காவின் தலைமுடியை ஒதுக்கிவிட்டாள். "ஏட்டி, நான் கோயிலுக்குப் போகல. அந்த வார்த்தை என் வாயில வராது." அக்கா அம்மாவைப் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார வைத்தாள். பாட்டில் அம்மாவின் மடியில் இருந்தது.

இப்போதைய நிலவரம் இது: எங்கள் வீடு இன்னும் தள்ளிவைத்த வீடுதான். குழாயடியில் குடங்கள் இன்னும் நகர்கின்றன. அந்த வீட்டில் தினமும் வேலம்பாளையத்துத் தயிர் உறைகிறது. காரவாடை இல்லை என்று அம்மா போனில் சொன்னாள்.