ஹெட்போனில் ஒரு முனகல்

பிரார்த்தனைக் கூடத்து மைக்செட்காரருக்கு இருபது வருடமாக எந்தப் பாட்டும் மனதில் ஏறியதில்லை. எங்கே கரகரக்கிறது என்பதே கவலை. எல்லோரும் கண்மூடிப் பாடும்போது இவர் மட்டும் வயரோடு அல்லாடுவார். ஒரு மாதமாக ஹெட்போனில் ஏதோ முனகல். பாட்டு தொடங்கினால் வரும், முடிந்தால் போய்விடும். மூன்று வயர் மாற்றியும் பிடிபடவில்லை.

அன்று பாட்டு நடந்துகொண்டிருந்தபோது, அவர் மறந்துவிட்டு வந்த மூக்குக்கண்ணாடியைக் கொண்டுவந்த மனைவி, பின்னால் நின்று தோளைத் தட்டினாள்.

“சும்மா இரு. அந்தச் சனியன் சத்தம் எந்த வயர்லேர்ந்து வருதுன்னு தேடிட்டிருக்கேன்.”

“வயர்ல ஒண்ணுமில்லைங்க. நீங்கதான் பாடிட்டிருக்கீங்க.”

பாடகர்களுக்குத் தகவல் சொல்ல மேசையில் வைத்திருந்த மைக் அணையாமல் கிடந்தது. பதறி அணைக்கக் கை நீட்டினார். அதற்குள் முனகல் மறுபடி எழுந்துவிட்டது. கை அப்படியே நின்றது.