வெறுமையாக விட்ட ஏழு கட்டங்கள்

பிலோமினா மிஸ்ஸி போய்விட்டார் என்ற செய்தி எனக்குப் பஸ்ஸில் வந்தது. வத்தேகம பஸ் நிலையத்தில் நான் டைம்கீப்பர். வண்டி வந்த நேரம், போன நேரம் எழுதுவது வேலை. பத்தாம் வகுப்பு முடிவில் வரும் சாதாரண தரப் பரீட்சையில் கணிதப் பாடத்தை மூன்று முறை எழுதியும் தேறாதவனுக்கு, அதற்கு மேல் எண்களோடு உறவு கிடையாது. அன்று மழை விட்டு, மூடுபனி ரோட்டுக்கு இறங்கியிருந்த பின்னேரம். பன்வில பஸ் விளக்கைப் போட்டுக்கொண்டு அதற்குள்ளிருந்து மிதந்து வந்தது. கண்டக்டர் இறங்கி வந்து கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தான்.

"அண்ணே, நம்ம மிஸ்ஸி போயிட்டாங்க. மத்தியானம் கதிரையில சாஞ்சபடியே."

நேரம் எழுதப் பேனாவைத் திறந்தேன். எந்த நேரத்தை எழுதுவது என்று தெரியாமல் பனியையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

இதை வாசிக்கும் உங்களில் பாதிப் பேரை இந்த உலகத்தில் முதலில் தூக்கியது அவர் கைகள். இந்தப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களுக்கெல்லாம் பிள்ளைப்பேறு பார்க்கும் அரசாங்க மருத்துவமாது அவர்தான். கிழமை நாட்களில் கிளினிக்கில் கேட்டு வரும் பெண்களுக்குக் கருத்தடை மாத்திரை கொடுப்பார். ஞாயிறு பூசை முடிந்ததும் கோயிலின் பின்னறையில், மாத்திரை இல்லாமல், பிள்ளை தங்கும் நாட்களை உடம்பு காட்டும் குறியால் அறிந்து அவை கழியக் காத்திருக்கும் முறையைக் கலியாணமானவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார். அதுதான் திருச்சபை அனுமதிக்கும் வழி. ஆகவே கிளினிக்கில் அவரைக் கோயில்காரி என்றார்கள். கோயிலில் மாத்திரைக்காரி என்றார்கள்.

ஞாயிறுகளில் அவர் வாசலோரக் கடைசி வாங்குப் பலகையில் உட்கார்ந்திருப்பார். எல்லோரும் நன்மை வாங்க, பாதர் கையால் நற்கருணை அப்பம் வாங்க, எழுந்து போகும்போது அவர் மட்டும் முழந்தாளில் இருப்பார். ஒருநாள் என் வாய் சும்மா இருக்கவில்லை, ஏன் மிஸ்ஸி என்று கேட்டுவிட்டேன். அவர் குடையின் தண்ணீரை உதறிக்கொண்டே சொன்னார்: "கேட்டு வர்ற புள்ளைய வெறுங்கையோட அனுப்ப எனக்கு மனசு வரல்ல. கோயில் சட்டம் தப்புன்னு சொல்லவும் மனசு வரல்ல. பாதர்கிட்ட பேசிக்கிட்டு இருக்கேன் தம்பி. பதினேழு வருஷமா." பிறகு சிரித்தார்.

எங்கள் வீட்டுக்குள் அவர் வந்தது என் மனைவி செலினின் இதயத்தால். இரண்டாவது மகன் பிறந்தபோது கண்டியில் டொக்டர், வால்வு ஒன்று பழுது, இன்னொரு பிள்ளையை இந்த உடம்பு தாங்காமல் போகலாம், இனிப் பிள்ளை தங்காதபடி ஒப்பரேஷன் செய்துவிடுங்கள் என்றார். செலின் மாட்டேன் என்றாள். நன்மை வாங்க முடியாத உசிரு எனக்கெதுக்கு என்று ஒரே பேச்சு. நான் இரண்டு பக்கமும் தலையாட்டினேன். பஸ் நிலையத்தில் பழகிய தலை.

மிஸ்ஸி ஒரு கட்டம் போட்ட அட்டையும், பச்சையும் வெள்ளையுமாகக் கடதாசித் துண்டுகள் வெட்டிப் போட்ட தகரப் பெட்டியும் கொண்டுவந்தார். செலின் தன் உடம்பைக் கவனித்துச் சொல்ல, நான் ஒட்ட வேண்டும். பிள்ளை தங்கக்கூடிய நாளுக்கு வெள்ளை. மற்ற நாளுக்குப் பச்சை. அட்டையை அலுமாரிக் கதவின் உள்பக்கம் மாட்டி, துண்டுகளைச் சோற்றுப் பருக்கையால் ஒட்டினேன். மிஸ்ஸி ஒரு சட்டம்தான் வைத்தார். தெரியாத நாளுக்கு ஒன்றும் ஒட்டக்கூடாது, வெறுமையாக விட வேண்டும். வெறுமை என்றால் காத்திருக்க வேண்டும்.

ஒன்றரை வருஷம் ஒழுங்காக நடந்தது. அந்த நாட்களை நினைத்தால் எனக்கு ஈரச் சட்டையும் பச்சைச் சதுரங்களும் ஒரே கனவாகத்தான் வருகின்றன. பின்னேரங்களில் பனி ஜன்னல் வழியாக உள்ளே வந்து அலுமாரிவரை போகும். செலின் மெதுவாகச் சொல்லுவாள், நான் ஒட்டுவேன். இரண்டு பேரும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி வெட்கப்பட்டுக்கொள்வோம்.

பிறகு செலினின் அம்மாவுக்குச் சுகமில்லை என்று அவள் புசல்லாவைக்குப் போய் ஏழு நாள் நின்றாள். அட்டையில் ஏழு கட்டம் காலி. இங்கே என் தொழிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஓடாமல் நின்ற பஸ்ஸுக்கும் ஓடியதாக நேரம் எழுதிக்கொடுக்கும் நல்ல மனசு எனக்கிருந்தது, ட்ரைவர்மார் பிளேன்டி, பால் விடாத தேத்தண்ணி, வாங்கித் தருவார்கள். காலிக் கட்டத்தைக் கண்டால் கை தானாகப் போகும். முன்மாதத்தைப் பார்த்து ஏழுக்கும் பச்சை ஒட்டினேன். நான் ஒட்டியதை நானே நம்பினேன். செலின் களைத்து வந்தவள், அலுமாரியைத் திறந்து பார்த்து, பச்சைதான் என்றாள். அவள் என்னை நம்பினாள்.

இரண்டு மாதம் கழித்து மிஸ்ஸி அந்த அட்டையை மடியில் வைத்துக்கொண்டு எங்கள் குசினியில் அடுப்புப் பக்கம் உட்கார்ந்திருந்தார். செலின் நாள் தள்ளிப்போய் உள்ளறையில் படுத்திருந்தாள். இந்த ஏழு நாளும் அவள் இங்கே இல்லையே, உங்களுக்கு யார் சொன்னது என்று கேட்டார். ஒரு குத்துமதிப்பு மிஸ்ஸி, என்றேன். அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"இந்த அட்டை செலினுக்கு இல்ல தம்பி, உங்களுக்கு. ஆம்பளைக்குக் காத்திருக்க வராதுன்னுதான் உலகம் மாத்திரையையும் கத்தியையும் பொம்பளைகிட்ட நீட்டுது. கோயில் ஒண்ணுதான் உங்களாலயும் முடியும்னு நம்பிச்சு. நீங்க காத்திருக்கல. காத்திருந்ததா எழுதிட்டீங்க."

விரலை நனைத்து ஏழு பச்சையையும் ஒவ்வொன்றாகச் சுரண்டி எடுத்தார். அட்டையை என் கையில் தந்துவிட்டு, செலினுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு வாரம் ஒருமுறை, நாலேகால் பன்வில பஸ்ஸில் வந்திறங்கி எங்கள் மேட்டில் ஏறுவார். கண்டி ஆஸ்பத்திரியில் செலினைப் பிரசவத்துக்கு உள்ளே கொண்டுபோன அன்று, அவருடைய பகுதி இல்லாவிட்டாலும் வந்து, வாங்கில் என் பக்கத்தில் இருந்தார். செபமாலை அவர் கையில் ஓடியது. என் கை சும்மா கிடந்தது. ஆறுதலாக ஏதாவது சொல்லுங்க மிஸ்ஸி என்றேன். "தெரியாதத நான் சொல்ல மாட்டேன் தம்பி" என்றார். விடிந்து வெகுநேரம் கழித்து, பெண் பிள்ளை, தாயும் இருக்கிறாள் என்று வந்து சொன்னார்கள். மிஸ்ஸி அப்போதுதான் அழுதார்.

அதன்பின் நான் காத்திருக்கப் பழகினேன். பெரிய தவசி என்று யாரும் நினைக்க வேண்டாம், முணுமுணுத்துக்கொண்டுதான். வராத பஸ்ஸுக்கு நேரம் எழுதுவதையும் விட்டேன். பிளேன்டி நின்றுபோனது.

அடக்கத்தன்று செலின் நன்மை வாங்கிவிட்டு வந்து பெட்டியின் பக்கத்தில் நெடுநேரம் நின்றாள். கடைக்குட்டி அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கும் இப்போது கலியாணம் ஆகிவிட்டது. அலுமாரிக் கதவு அட்டையில் பருக்கைத் தடம் மட்டும் தெரியும் ஏழு கட்டங்களைக் காட்டி, இது என்னப்பா என்று ஒருமுறை கேட்டிருக்கிறாள். அது நீதான் அம்மா, என்றேன்.

அந்த அட்டைதான் அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது. கல்லறையிலிருந்து திரும்பும்போது நாலைந்து பேர் என்னை மறித்து, மிஸ்ஸி கடைசியில் பாதரிடம் பேசி முடித்தாரா, நன்மை வாங்கினாரா என்று கேட்டார்கள். முன்பென்றால் ஆம் என்று ஒரு நேரமும் சேர்த்துச் சொல்லியிருப்பேன். எனக்குத் தெரியாது. அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன்.