அரை பீட் தள்ளி

போனில் பேசினால் எல்லோரும் அவளை சார் என்றுதான் கூப்பிடுவார்கள். கூரியர் ஆளிலிருந்து கல்லூரி நூலகர் வரை அப்படித்தான். முதலில் திருத்திப் பார்த்தாள், பிறகு விட்டுவிட்டாள். அப்படி அடித்தொண்டையிலிருந்து எழும்பும் குரல். கல்லூரியில் சேர்ந்த முதல் வாரமே கட்டைக்குரல் என்று பெயர் விழுந்தது. அடுத்த வாரம் அதையும் சுருக்கிக் கட்டை ஆக்கிவிட்டார்கள். ஆள் என்னவோ ஐந்தடி எட்டங்குலம்.

கட்டை புள்ளியியல் படித்தாள், நான்காம் ஆண்டு. அப்பா வேறு ஊரில் லிஃப்ட் மெக்கானிக், அம்மா அங்கேயே ஆஸ்பத்திரி மருந்துக் கடையில் வேலை. இவள் கல்லூரிக்குப் பக்கத்தில் சித்தி வீட்டு மேல்மாடி அறையில் தங்கியிருந்தாள். தரைத்தளத்தில் கண்ணாடி வெட்டும் பட்டறை, நடுவில் சித்தி, உச்சியில் இவள். பட்டறை இயந்திரம் காலை எட்டுக்கு வீல் என்று கத்தத் தொடங்கினால் பல் கூசும். மதியம் ஒரு மணிக்குச் சாப்பாட்டுக்காக நிறுத்துவார்கள், இரண்டு மணிக்கு மறுபடி கத்தும். அந்த ஒரு மணி நேரத்தில், வகுப்பிலிருந்து மூச்சிரைக்க ஓடிவந்துதான், கட்டை தன் ராக் ஆல்பத்தைப் பதிவு செய்தாள்.

சாமான்கள் அதிகமில்லை. ஒரு பொத்தான் உதிர்ந்த மடிக்கணினி, யாரோ பயன்படுத்தி விற்ற மைக், கிட்டார், கடன் வாங்கிய பேஸ் கிட்டார். பாடுவதற்கு மர அலமாரி. உள்ளே கம்பளிகளும் கோட்டுகளும் தொங்கியதால் எதிரொலி இல்லை. தலையை உள்ளே விட்டுக்கொண்டு பாடுவாள். ஒருநாள் துணி எடுக்க வந்த சித்தி வாசலிலேயே நின்றுவிட்டார்.

"அலமாரிக்குள்ள யாரடி திட்டுற?"

"பாட்டு சித்தி."

"பாட்டா? நான்கூட உனக்கு யாரோ துணை கிடைச்சாச்சுன்னு நெனச்சேன்."

ஒரு வருடம் முன்பு துணைக்குப் பஞ்சமில்லை. கல்லூரி சைக்கிள் கொட்டகையில் நான்கு பேர் சேர்ந்து வாசித்தார்கள். பேஸ் வாசித்தவன் சட்டம் படித்தவன். எதற்கெடுத்தாலும் வாதாடுவதால் வக்கீல். இன்னொரு கிட்டார்காரன் எப்போதும் இஸ்திரி கலையாமல் வருவதால் மாப்பிள்ளை. டிரம்ஸ் வாசித்தவன் பெயர் புயல். ஷூ நாடா கட்டவே கால்மணி நேரம் எடுப்பான் என்பதால் வந்த பெயர் அது. டிரம்ஸ் முன்னால் உட்கார்ந்தால் மட்டும் பெயருக்கேற்ற ஆளாகிவிடுவான். மூவரும் அவளுக்கு ஒரு வருடம் மூத்தவர்கள். படிப்பு முடிந்தது, மூட்டை கட்டினார்கள், போய்விட்டார்கள். கொட்டகையில் இப்போது சைக்கிள்கள் நின்றன.

போவதற்கு முன் நடந்த கடைசிக் கச்சேரியில் ஒரு விஷயம் நடந்தது. மேடையை விட்டு இறங்கியதும் வக்கீல் எல்லோர் முன்னாலும் புயலைப் பிடித்துக்கொண்டான். உன்னால் மூன்று பாட்டு நாசம், உன் கையில் தாளமே நிற்கவில்லை என்றான். அரங்கத்து வாசலில் காணாமல் போன பொருட்களைப் போட்டுவைக்கும் பெட்டி ஒன்று இருந்தது. புயல் தன் டிரம்ஸ் குச்சிகள் இரண்டையும் அதில் போட்டுவிட்டு நடையைக் கட்டினான். பிறகு தொலைதூர ஊரில் டயர் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை கிடைத்தது என்று கேள்வி.

ஆல்பத்துக்கு எட்டுப் பாட்டு. ஏழு பாட்டுக்குக் கிட்டார், பேஸ், குரல் எல்லாம் கட்டையேதான். டிரம்ஸைக் கணினி வாசித்தது. அது ஓரிடத்திலும் பிசகவில்லை. கேட்டால் அலுவலகத்தில் யாரோ ஸ்டேப்ளர் அடிப்பதுபோல் இருந்தது. எட்டாவது பாட்டுக்காவது பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும் என்று நினைத்தாள். அதைப் புயலின் கையை மனதில் வைத்தே எழுதியிருந்தாள். மூன்று வாரம் விடாமல் கேட்டதில் அவன் இறங்கிவந்தான்.

"இங்க ஒரு மன்றத்துல டிரம்ஸ் இருக்கு. ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேரம் தர்றாங்க. ஒரே தடவதான் வாசிப்பேன். நல்லா இல்லன்னா தூக்கிப் போட்டுடு. எங்கிட்ட மட்டும் சொல்லாத."

கிட்டாரையும் குரலையும் பதிவு செய்து அவனுக்கு அனுப்ப வேண்டும். அதைக் காதில் கேட்டபடி அவன் வாசிப்பான். அனுப்புமுன் ஒருமுறை கேட்டுப் பார்த்தாள். பாட்டுக்கு முன்னால் அவள் குரலே ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணியது. முன்பெல்லாம் குச்சிகளைத் தட்டி எண்ணிக் கொடுப்பது புயலின் வேலை. இப்போது ஆளில்லாத அறையில், யாரோ மூன்று பேர் சேர்ந்து தொடங்கக் காத்திருப்பதுபோல் அவளே உரக்க எண்ணியிருந்தாள். காலி வகுப்பில் வாத்தியார் வருகைப் பதிவு எடுப்பதுபோல் இருந்தது. கேட்கக் கூசியது. அந்த நான்கு எண்களையும் வெட்டி எறிந்துவிட்டு அனுப்பினாள்.

அங்கேதான் வினை. அந்தப் பாட்டு முதல் பீட்டில், அதாவது தாளத்தின் முதல் தட்டில், தொடங்குவதில்லை. அதற்கு அரை பீட் முன்பே கிட்டார் மூக்கை நீட்டிவிடும். எண்ணிக்கை காதில் விழுந்தால்தான் அது விளங்கும். விழாவிட்டால் எந்த மகாராஜனும் அந்த முதல் ஒலியைத்தான் ஒன்று என்று எடுத்துக்கொள்வான்.

புயலும் அப்படித்தான் எடுத்துக்கொண்டான். ஞாயிறு மாலை அவன் பதிவு வந்தது. "முடிச்சுட்டேன். கேட்டுட்டு சொல்லு. இல்ல, சொல்லாத" என்று ஒரு வரி கூடவே இருந்தது. கட்டை ஹெட்போனை மாட்டினாள். என்னவொரு வாசிப்பு. ஒரு வருடம் பூட்டிவைத்த கை என்று சொல்லவே முடியாது. ஆனால் எல்லாம் அரை பீட் தள்ளி விழுந்தது. ஒரு மேசையை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு, ஆளுக்கொரு காலை முன்வைத்து நடப்பதுபோல் பாட்டு இழுபட்டது. கோரஸ் நெருங்கும்போது ஏதோ சரியில்லை என்று அவனுக்கே தட்டியிருக்கிறது. இரண்டு வரி தடுமாறித் தேடினான், சரியான இடத்தைப் பிடித்தான், அடுத்த சரணத்தில் மறுபடி தவறவிட்டான். கடைசி சிம்பல் தட்டின் ஒலி அடங்கும்போது, தூரத்தில், சின்னதாக ஒரு "ச்சே" கேட்டது.

தன் கோப்பைத் திறந்து பார்த்ததும் தப்பு யாருடையது என்று அவளுக்கு விளங்கிவிட்டது. எண்ணிக்கையை வெட்டியது நான்தான் என்று தட்டச்சு செய்தாள். அனுப்பப் போகும்போது விரல் நின்றது. ஏன் வெட்டினாய் என்று கேட்பான். அதற்குப் பதில் இருந்தது, ஆனால் எழுதி அனுப்பக்கூடிய பதில் இல்லை. அதைவிட, தப்பு என்ற சொல்லைப் பார்த்ததுமே அவன் மேலே படிக்க மாட்டான். இருந்த ஒரே ஆளும் இந்தமுறை ஒரேயடியாகப் போய்விடுவான். எழுதியதை அழித்தாள்.

திங்களன்று அவன் வாசிப்பை ஏழு இடத்தில் வெட்டி நகர்த்திப் பார்த்தாள். தாளம் சேர்ந்தது, சிம்பல்களின் ரீங்காரம் பாதிப் பாதியில் அறுந்து விழுந்தது. செவ்வாயன்று கணினி டிரம்ஸைப் போட்டாள். ஸ்டேப்ளர். புதன்கிழமை ஒரு மணிக்கு, பட்டறை நின்றதும், பதிவிலிருந்து தன்னுடையதையெல்லாம் நீக்கினாள். கிட்டார், பேஸ், குரல் எதுவும் மிச்சமில்லை. புயல் மட்டும் தனியாக வாசித்துக்கொண்டிருந்தான்.

அவன் எதை ஒன்று என்று நினைத்தானோ அதுவே இனி ஒன்று. வரைபடத் தாள் எடுத்து, அவன் கை எங்கே பிந்துகிறது, எங்கே முந்துகிறது என்று புள்ளி வைத்தாள். நான்கு ஆண்டுப் படிப்பு முதல்முறையாக எதற்கோ உதவியது. பிறகு அந்தப் புள்ளிகளுக்கு ஏற்ப வாசித்தாள். கோரஸுக்கு முன் அவன் தேடும் இரண்டு வரியில் கிட்டாரை நிறுத்திவிட்டு வாயையும் மூடிக்கொண்டாள். தடுமாற்றம் தனி டிரம்ஸ் ஆகிவிட்டது. இரண்டாம் சரணத்தில் அவன் தவறும் இடத்தில் சொற்களை இழுத்து, தானும் தவறினாள். முடிவில் கிட்டாரை நீளமாக ஒலிக்கவிட்டாள். அந்த "ச்சே" அதற்கடியில் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை இன்னும் நான்கு வரி பாக்கி இருக்கும்போது மணி இரண்டாகப் போனது. கீழே ஓடிப்போய்க் கண்ணாடிக்காரரிடம் இன்னும் பத்து நிமிடம் பொறுக்கச் சொல்லிக் கெஞ்சினாள். அவர் டிபன் டப்பாவைக் கழுவியபடி தலையாட்டினார்.

"பாடும்மா. ஆனா ஒரு வாரமா ஒரே பாட்டு. எங்க ஆளுங்களுக்கே மனப்பாடம் ஆயிடுச்சு. கண்ணாடி அளவு கேட்டா உன் ரெண்டாவது சரணத்தைச் சொல்றான்."

இதுவரை யாரும் கேட்கவில்லை என்றுதான் அவள் நினைத்திருந்தாள். மேலே ஏறிவந்து பாடி முடித்தாள்.

சனியன்று புயலுக்கு அனுப்பினாள். ஞாயிறு பதில் இல்லை. திங்கள் மாலை அவனே அழைத்தான். பின்னணியில் வண்டிகள் உருளும் சத்தம்.

"கேட்டேன்."

"ம்."

"கோரஸுக்கு முன்னாடி ஒரு இடம். அங்க நான் விட்டுட்டேன்னு நெனச்சேன். அன்னிக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடக்கூட இல்ல."

"அது டிரம்ஸுக்குன்னே விட்ட இடம்."

"நீ மொதல்ல அனுப்புனதுல அங்க பாட்டு இருந்துச்சே?"

"மாத்திட்டேன். நீ வாசிச்சது நல்லா இருந்துச்சு."

வக்கீலுக்கு அனுப்பலாமா என்று கேட்டான். உடனே அவனே, வேண்டாம், வக்கீல் எதையாவது கிளறுவான் என்றான். பிறகு சிரித்தான். அந்தச் சிரிப்பைக் கேட்டு ஒரு வருடம் ஆகியிருந்தது. அடுத்த ஞாயிறும் மன்றத்தில் இடம் கிடைக்குமா என்று அவள் கேட்க வாயெடுத்தாள். அவன் முந்திக்கொண்டான்.

"தேங்க்ஸ் கட்டை. ஒரு தடவையாவது ஒழுங்கா வாசிச்சுட்டேன்ல. இனிமே வாசிக்கலன்னாலும் பரவால்ல. நிம்மதியா இருக்கு."

"சரி" என்றாள் கட்டை. அவனைக் கூப்பிட யாரோ விசில் அடித்தார்கள். வைத்துவிட்டான்.

அன்றே ஆல்பத்தை இணையத்தில் ஏற்றினாள். தளம் வரிசையாகக் கேள்வி கேட்டது. ஆல்பத்தின் பெயர், பாடல்களின் எண்ணிக்கை, மொழி. குழுவில் எத்தனை பேர் என்று ஒரு கட்டம் வந்தது. கீழே இயந்திரம் கத்திக்கொண்டிருந்தது. ஒன்று என்று போட்டாள், அழித்தாள், இரண்டு என்று போட்டாள். வந்து சரிபார்க்கப் போகிறவர் யாரும் இல்லை.