அவள் சொல்லாத பெயர்

முக்கூடல் பக்கத்தில் அருள்வடிவு வயதுப் பெண்கள் யாரும் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டார்கள். அது பெரிய விஷயம் இல்லை. ரேஷன் கடையில் கேட்டால் பக்கத்தில் நிற்பவளைச் சொல்லச் சொல்வார்கள். இல்லையென்றால் மகன் பெயரைச் சொல்லி, அவன் அப்பா என்பார்கள். வேலை நடந்துவிடும். அருள்வடிவுக்குத்தான் சிக்கல். அவள் புருஷன் பெயர் தேவஇரக்கம். ஊரில் எல்லோரும் அவரை இரக்கம் என்றுதான் கூப்பிட்டார்கள்.

ஒரு கிறிஸ்தவப் பெண் இரக்கம் என்ற சொல்லை விட்டுவிட்டு எப்படி ஜெபிப்பாள்? அவள் ஜெபித்தாள். அந்தச் சொல் வரவேண்டிய இடத்திலெல்லாம் மனதுருக்கம் என்றாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் சபையார் எல்லோரும் ‘எங்களுக்கு இரங்கும்’ என்று சொல்லும்போது அவள் மட்டும் ‘தயவாயிரும்’ என்பாள். அவள் குரல் கொஞ்சம் பிந்தித் தனியாகக் கேட்கும். பாட்டில் வந்தால் வாயை மூடிக்கொண்டு ராகத்தை மட்டும் இழுப்பாள்.

கூட இருக்கும் பெண்கள் விடமாட்டார்கள்.

“ஏ வடிவு, ஆண்டவர்ட்ட கேக்க வேண்டியதே அது ஒண்ணுதான். அதையே சொல்ல மாட்டேங்க. பொறவு எதுக்குளா முட்டுக்காலைத் தேய்க்க?”

“அவருக்குத் தெரியும் நான் எதைக் கேக்கேன்னு.”

“எவருக்கு? மேல உள்ளவருக்கா, வீட்டுல உள்ளவருக்கா?”

“ரெண்டு பேருக்குந்தான். போளா அங்கிட்டு.”

வீட்டில் உள்ளவருக்குத் தெரியாது. தேவஇரக்கம் ஆற்றங்கரைக் குடிநீர் நிலையத்தில் பம்ப் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மோட்டார் அறையில் வருஷக்கணக்காக இருப்பவன் சத்தத்தைக் கேட்க மாட்டான். சத்தம் மாறினால்தான் கேட்பான். வடிவின் ஜெபத்தையும் அவர் அப்படித்தான் கேட்டார். சாயங்காலம் விளக்குப் போட்டதும் அவள் முழங்காலில் நிற்பாள். அவர் முட்டுவலி என்று நாற்காலியில் இருப்பார். அவள் சொல்லிக்கொண்டே போவாள். முடிவில் குரல் தணியும். அந்தத் தணிவு அவருக்கு நன்றாகத் தெரியும். ‘ஆமென்’ என்பார். அவர் பங்கு அவ்வளவுதான். ஷிப்டுக்குப் போன நாட்களில் அதுவும் கிடையாது.

தை மாதத்தில் ஒரு மதியம், அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டிருந்தவள் தலை சுற்றுகிறது என்றாள். வண்ணார்பேட்டை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் பேச்சு நின்றது. இரண்டாம் நாள் மூச்சு நின்றது.

மகன் ஹெப்ரான் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் அளவுக்கருவிகளைச் சரிபார்க்கும் வேலையில் இருக்கிறான். அடக்கம் முடிந்து ஒரு வாரம் இருந்தான். தன்னோடு வந்துவிடச் சொன்னான். அவர் மாட்டேன் என்றார். காரணம் கேட்டான். காரணம் ஒன்றும் இல்லை என்றார். அவன் போய்விட்டான்.

அன்று சாயங்காலம் அவரே விளக்குப் போட்டார். நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடினார். வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. தான் காத்துக்கொண்டிருக்கிறோம் என்பதே பிறகுதான் அவருக்கு உறைத்தது. யாராவது தொடங்கினால்தானே அவர் முடிக்க முடியும்.

மறுநாள் தானே தொடங்கிப் பார்த்தார். “ஆண்டவரே” என்றார். அடுத்த சொல் வரவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு இன்னொரு தடவை சொன்னார். தெருவில் ஒரு பைக் போனது. அவ்வளவுதான்.

கடவுள் இல்லை என்று அவருக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் எளிதாக இருந்திருக்கும். அவர் இருக்கிறார். ஆனால் அவரோடு தனக்குப் பழக்கமே இல்லை. பெண்டாட்டி வழிச் சொந்தக்காரர் மாதிரி. அவள் இருந்தவரை போக்குவரத்து இருந்தது. இனிமேல் என்ன உரிமையில் அந்த வாசலில் போய் நிற்பது?

ஹெப்ரான் தினமும் போன் செய்தான்.

“சாப்ட்டியளாப்பா?”

“ஆச்சு.”

“ஜெபம் பண்ணியளா?”

“ம்.”

அந்த ‘ம்’ பொய் என்று அவருக்குத் தெரியும். மகனுக்கும் தெரிந்திருக்கும். இருவரும் அதை அங்கேயே விட்டுவிட்டு அணையில் தண்ணீர் எவ்வளவு கிடக்கிறது என்று பேசினார்கள்.

ஈஸ்டருக்கு முந்திய லெந்து நாட்களில் சபையார் வீடு வீடாகக் கூடி ஜெபிப்பது வழக்கம். ஒரு செவ்வாய்க்கிழமை அவர் வீட்டு முறை வந்தது. நாற்காலிகள் போதாமல் பக்கத்து வீட்டுப் பாயை வாங்கி விரித்தார்கள். வடிவு உட்காரும் இடத்தில் யாரும் உட்காரவில்லை. சபை ஊழியர் ஜெயசிங் வயதில் இளையவர், நல்ல மனிதர். பாட்டும் வேதவாசிப்பும் முடிந்ததும் தேவஇரக்கத்தின் பக்கம் குனிந்தார்.

“அண்ணாச்சி, முடிவு ஜெபம் நீங்க பண்ணுங்க.”

“எனக்கு வராது தம்பி.”

“வாயைத் திறங்க. மிச்சத்தை அவர் பாத்துக்கிடுவாரு.”

வாயைத் திறந்தார். வந்தது. தடையில்லாமல் வந்தது. “எங்கள் பரம தகப்பனே, பகல் முழுதும் எங்களை நடத்தினீரே, உமக்கு ஸ்தோத்திரம். ஆற்றில் தண்ணீர் வற்றாமல் காத்தீரே, உமக்கு ஸ்தோத்திரம். இந்தத் தெருவில் வியாதிப்பட்டவர்களை நீர் பேர்பேராக அறிவீர்…”

ஆச்சரியத்தில் இரண்டு பேர் கண்ணைத் திறந்து பார்த்தார்கள். இரக்கம் அண்ணாச்சியா இது? அவருக்கே ஆச்சரியம்தான். மூடிக் கிடந்த வால்வு திறந்த மாதிரி இருந்தது. நிறுத்த மனமில்லை.

“என் மகன் ஹெப்ரானை வழியிலே காத்துக்கொள்ளும். சாப்பிட மறந்துபோகிற பிள்ளை, நீர் ஞாபகப்படுத்தும். என் வீட்டுக்காரரை உம்முடைய கையில் தருகிறேன்…”

யாரோ களுக்கென்று சிரித்து வாயைப் பொத்தினார்கள். அவர் காதில் விழவில்லை.

“அவருக்கு வாய் திறந்து கேட்கத் தெரியாது. கேட்கவில்லை என்று அவரை விட்டுவிடாதேயும். அவருக்கும் சேர்த்து நான் கேட்கிறேன். உம்முடைய மனதுருக்கத்தின்படி…”

அங்கே நின்றார். தான் சொன்னது என்னவென்று அப்போதுதான் அவருக்கே கேட்டது.

ஜெயசிங் அவசரமாக ஆமென் சொல்லி முடித்துவைத்தார். சுக்குக்காப்பி வந்தது. டம்ளரை வாங்கிக்கொண்டு பெரியவர் தாசையா தொடங்கினார்.

“ஏலே இரக்கம், ஒனக்கு வீட்டுக்காரர் வேற உண்டுமாலே? எப்பம்லே கெட்டுன? எங்களுக்கெல்லாம் சாப்பாடு போடலையே!”

எல்லோரும் சிரித்தார்கள். இத்தனை நேரம் இறுகியிருந்த வீடு அந்தச் சிரிப்பில் கொஞ்சம் இளகியது. அவரும் சிரித்தார். அடுப்படியிலிருந்த பெண்கள் மட்டும் சிரிக்கவில்லை. மூக்கைச் சிந்தும் சத்தம் அங்கிருந்து வந்தது.

கூட்டம் கலைந்தபின் பாயைச் சுருட்டினார். டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்தார். அவருக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் நெஞ்சில் கிடந்தது வெட்கம் இல்லை. ‘அவருக்கும் சேர்த்து நான் கேட்கிறேன்.’ இதை அவள் ஒரு நாள் இரண்டு நாளா சொன்னாள்? கல்யாணம் ஆன நாளிலிருந்து சொல்லியிருக்கிறாள். அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து, கேட்காமலே, ஆமென் போட்டிருக்கிறார். இனி ஆண்டவரிடம் அவரைப் பற்றிச் சொல்ல ஆள் இல்லை.

அதன்பிறகு வீட்டுக் கூட்டங்களுக்கு அவர் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, சபைப் போதகரான ஐயர் ஆசீர்வாதம் கூறுமுன் எழுந்து வந்துவிடுவார். வாசலில் கை கொடுப்பவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. ஈஸ்டர் வந்து போனது. விளக்குப் போடுவார். நாற்காலியில் உட்கார மாட்டார். அந்த நேரத்தில் ஆற்றுப் பக்கம் நடக்கப் போய்விடுவார். யாரும் எங்கே போகிறீர் என்று கேட்கவில்லை.

வைகாசியில் ஒரு நாள், அவர் கிளம்பும் முன்பே இசக்கியம்மா வந்துவிட்டாள். தெருவுக்குப் பால் ஊற்றுகிறவள். வடிவோடு வாசலில் நின்று வெகுநேரம் பேசுவாள். இன்று கையில் பால் கேன் இல்லை. துணிப்பை இருந்தது.

“அண்ணாச்சி, எம்மவ பொன்செல்வியை அம்பாசமுத்திரம் ஆஸ்பத்திரியில சேத்திருக்கு. வயித்துல பிள்ளை குறுக்கால கெடக்காம். டாக்டரம்மா மொகமே சரியில்லைன்னு மருமவன் சொல்லுதான்.”

“நீ போகலையா?”

“இந்தா, வண்டிக்குத்தான் போறேன். அதுக்குள்ள ஒரு வார்த்தை சொல்லிருங்க.”

“என்ன வார்த்தை?”

“ஒங்க சாமிகிட்டதான். அக்கா இருந்தா நான் கேக்கவே வேண்டாம். அவியளே என் கையைப் பிடிச்சு உக்கார வச்சிருப்பாவ.”

“எனக்கு வராது இசக்கி. வந்த லெச்சணத்தை ஊரே பாத்துச்சுல்லா.”

“கேள்விப்பட்டேன்.” அவள் சிரிக்கவில்லை. “அக்கா போயாச்சு. அந்தச் சாமியும் அவிய கூடயே போயிட்டாரா, இல்ல இங்கனதான் இருக்காரா? அதை மட்டும் சொல்லுங்க. நான் பாட்டுக்கு வண்டிக்குப் போறேன்.”

அவர் யோசிக்கவே இல்லை. “இங்கனதான் இருக்காரு” என்றார்.

“அப்பம் சொல்லுங்க.”

சொன்ன வாயை இனி மூட முடியாது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக முழங்காலை ஊன்றினார். இசக்கியம்மா வாசற்படிக்கு உள்ளே தரையில் உட்கார்ந்து, தலையில் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். வடிவு பழக்கியது.

வடிவின் ஜெபத்தில் பொன்செல்வி இல்லை. குறுக்கே கிடக்கும் பிள்ளை இல்லை. இரவல் வாங்க ஒன்றும் இல்லை.

“ஆண்டவரே. பொன்செல்வி. அம்பாசமுத்திரத்துல கெடக்கா. பிள்ளை குறுக்கால இருக்காம். திருப்பி விடும்.”

மேலதிகாரிக்குப் போனில் பழுதைச் சொல்வது போல இருந்தது. வேறு என்ன சொல்வது என்று தெரியவில்லை. பக்கத்தில் அந்தப் பெண்ணின் மூச்சு கேட்டது. அது அழுகைக்கு முந்திய மூச்சு.

“இரக்கமா இரும்” என்றார்.

அந்த வீட்டு ஜெபத்தில் அந்தச் சொல் அதற்குமுன் விழுந்ததில்லை. அவருக்குத் தன்னை யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டது போலவும் இருந்தது. தன்னையே எடுத்து யாருக்கோ கொடுத்தது போலவும் இருந்தது.

“அவ்வளவுதானா?” என்றாள் இசக்கியம்மா.

“அவ்வளவுதான்.”

“அக்கா நீளமாச் சொல்லுவாவ.” எழுந்து பையை எடுத்தாள். “சரி, போதும். வாரேன் அண்ணாச்சி.”

அவள் செருப்புச் சத்தம் தெருமுனைவரை கேட்டது. அவர் எழுந்திருக்கவில்லை. முட்டு வலித்தது. இனி யாருக்காகவும் கேட்க வேண்டியதில்லை; அங்கே இருந்தது தானும் ஆண்டவரும்தான். அறிமுகம் செய்துவைக்க ஆளில்லாமல் ஒரு வீட்டுக்குள் போய்விட்டவன் முதலில் என்ன செய்வானோ அதைச் செய்தார்.

“ஆண்டவரே, நான் தேவஇரக்கம். வடிவு வீட்டுக்காரன். அவ எம்பேரை ஒம்மகிட்ட சொல்லிருக்க மாட்டா.”

அதற்கு மேல் ஒன்றும் ஓடவில்லை. ஆனால் எழுந்து ஆற்றுப் பக்கம் போகவும் தோன்றவில்லை. அப்படியே இருந்தார்.

மறுநாள் பால் வரவில்லை. அதற்கடுத்த நாள் காலையில் இசக்கியம்மா வந்தாள். கண் உள்ளே போயிருந்தது.

“அறுத்துத்தான் எடுத்தாவ. பொட்டப்பிள்ளை. ரெண்டு உசிரும் பொழைச்சுக் கெடக்கு அண்ணாச்சி.”

“நல்லது.”

“தையல் போட்ட எடத்துல காய்ச்சல் வராம இருக்கணும். அதையும் சொல்லுங்க.” பாலை ஊற்றிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டாள்.

பாலை அடுப்பில் வைக்காமல் உள்ளே வந்து முழங்காலில் நின்றார்.

“நான் திருப்பி விடும்னேன். நீரு அறுத்துல்லா எடுத்திருக்கீரு” என்றார். அவருக்கே அது சண்டை பிடிக்கிற மாதிரி இருந்தது. “சரி. ரெண்டு பேரும் பொழைச்சாச்சு. காய்ச்சல் வராமப் பாத்துக்கிடும்.”

அதோடு முடிந்திருக்கலாம். முடியவில்லை. தை மாதத்திலிருந்து யாரிடமும் கேட்காத ஒன்று இருந்தது. மகனிடம் கேட்க முடியாது. ஐயரிடம் கேட்டால் நல்ல வார்த்தை நாலு சொல்வார். அவர்கள் சபையில் இறந்தவர்களுக்காக ஜெபிக்கும் வழக்கம் இல்லை. ஆனால் இது ஜெபம் இல்லை. தெரிந்தவரிடம் கேட்கிற கேள்வி.

“வடிவு நல்லாருக்காளா?”

கேட்டுவிட்டுக் குனிந்திருந்தார். ஜன்னல் வெயில் தரையில் நகர்ந்து அவர் கால் பக்கம் வந்தது. பதில் வரவில்லை. அவர் எழுந்திருக்கவும் இல்லை.