குப்பாயி கிணற்றைக் கெடுத்தவர்

உலகத்தில் இதுவரை பாவம் செய்த அத்தனை பேரையும் வாழப்பாடி பஸ் ஸ்டாண்டில் வரிசையாக நிறுத்தினால், முதல் ஆளாகச் சவரிமுத்துதான் நிற்பார். மற்றவர்கள் ஆத்தூர் வரைக்கும் நின்று அவரை எட்டி எட்டிப் பார்க்க வேண்டியதுதான். கொலைகாரன் ஆளைக் கொல்வான். சவரிமுத்து ஒரு கிணற்றையே கொன்றவர்.

ஆளைப் பார்த்தால் நம்ப முடியாது. ஒல்லி உடம்பு, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சிலுவை. மேடு வந்தால் மொபெட்டுக்கு மூச்சு வாங்குமே என்று இறங்கித் தள்ளுகிற மனுஷன்.

அவருக்கு ஜவ்வரிசி தயாரிக்கும் சேகோ கம்பெனியில் வேலை. மரவள்ளிக் கிழங்கை அரைத்துக் கழுவிய தண்ணீர் புளித்து நாறும். அதைத் தொட்டியில் தேக்கிச் சுத்தம் செய்துதான் வெளியே விட வேண்டும். தொட்டி நிரம்பி வானமும் கறுத்துவிட்டால், முதலாளி கார் கண்ணாடியை இறக்கி, "மழை வரும்போல இருக்குது சவரி" என்பார். அவ்வளவுதான். சவரிமுத்து வால்வைத் திறந்து ஓடையில் விட்டுவிடுவார். ஓடைக்கரையில்தான் குப்பாயியின் கிணறு.

மூன்று வருஷத்தில் கிணறு நாறிப்போனது. குப்பாயி இரண்டு தடவை தூர் வாரினாள். அதிகாரிகள் வந்து பாட்டிலில் தண்ணீர் பிடித்தபோது, "தூர் வாராத கெணறுங்க, நாறத்தான் செய்யும்" என்று அவள் முகத்துக்கு நேராகச் சொன்னார் சவரிமுத்து. அன்றிலிருந்து அவர் எந்தச் செம்பைத் தூக்கினாலும் அதே நாற்றம்.

போன வருஷத் தவக்காலத்தில் கோயிலில் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தார். மன்னிப்பு கொடுத்த சாமியார், "ஆண்டவர் மன்னிச்சிட்டாரு. அந்தம்மாகிட்ட யாரு சொல்றது?" என்று கேட்டார். சவரிமுத்து கோயிலிலிருந்து நேராகக் குப்பாயி வாசலுக்குப் போய்ச் சொன்னார். அவள் திட்டவில்லை. கிணற்றிலிருந்து ஒரு செம்பு மொண்டு வந்து, "குடி" என்றாள். குடித்தார். அப்புறம் அவள் அவரிடம் பேசவே இல்லை.

மன்னிப்பு சட்டென்று வந்துவிட்டது. மற்றதெல்லாம் நிதானமாக வந்தது. அதிகாரிகளிடமும் உண்மையைச் சொன்னார். கம்பெனி மூன்று மாதம் பூட்டிக் கிடந்தது. கிழங்கு உரிக்கிற பெண்களுக்கு வேலை போனது, அவர் மனைவிக்கும் சேர்த்து. திரும்பத் திறந்தபோது அவரை உள்ளே விடவில்லை. பூசையில் அவர் உட்காரும் வரிசையில் இப்போது அவர் மட்டும்தான்.

தினமும் காலையில் நாலு கேன் நல்ல தண்ணீரை மொபெட்டில் கட்டிக்கொண்டு வந்து குப்பாயியின் டிரம்மில் ஊற்றுவார். வெள்ளிக்கிழமைகளில் கிணற்றிலிருந்து ஒரு வாளி இறைத்து அவளுடைய எருமைக்கு முன்னால் வைப்பார். அது குடித்தால் கிணறு பிழைத்துவிட்டது என்று அர்த்தம். எருமை முகர்ந்து பார்த்து, புஸ்ஸென்று மூச்சு விட்டு, முகத்தைத் திருப்பிக்கொள்ளும். சவரிமுத்து நெற்றியில் சிலுவை அடையாளம் வரைந்துகொண்டு வாளியைக் கவிழ்ப்பார். அப்போது அவர் முகத்தைப் பார்க்கச் சகிக்காது.

இந்த மார்கழியில் ஒரு வெள்ளி. வாளியை வைத்துவிட்டுக் கேன்களை அவிழ்த்துவரப் போனார். திரும்பினால், எருமை குடித்துக்கொண்டிருந்தது.

குப்பாயி உள்ளேயிருந்து ஓடி வந்தாள். "சவரி! குடிக்குதுடா! ஏய் சவரி!"

அவள் வாயில் அவர் பேர் வந்து ஒன்றரை வருஷத்துக்கு மேலாகிறது. தலையை ஆட்டிவிட்டால் போதும், எல்லாம் முடிந்துவிடும். அவர் குனிந்து, வாளியில் கையை நனைத்து முகர்ந்தார். ரொம்ப நேரம் முகர்ந்தார்.

"இல்லீங்கக்கா. இது டிரம்முத் தண்ணி."

"மாடே குடிக்குது, உனக்கென்னடா?"

"ஒருக்கா உங்க மூஞ்சிக்கு நேரா பொய் சொன்னேன். இன்னொருக்கா முடியாதுங்க."

குப்பாயியின் முகம் வாடிப்போனது. கிணற்றடிக்குப் போய் உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

சவரிமுத்து சலசலத்த வைக்கோல் போர் பக்கம் திரும்பினார். "வெளிய வா."

இந்தக் கதையை எழுதுகிறவன் வெளியே வந்தான். பக்கத்துத் தோட்டத்துக்காரன், பத்தாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். சட்டை முன்பக்கம் தொப்பலாக நனைந்திருந்தது.

"வேர்வைங்க," என்றான்.

"மார்கழியிலயா?"

அவனுக்குத் தலை குனிந்தது. "நீங்க சந்தோசப்படுவீங்கன்னுதான்..."

"தெரியும் சாமி." அவன் தலையில் ஈரக் கையை வைத்தார். "அந்த நாத்தத்தை மோந்துட்டு நிக்கறப்பதான் ஆண்டவர் பக்கத்துல நிக்கற மாதிரி இருக்குது. நீ நல்ல தண்ணிய வெச்சு ஏமாத்துனா, அங்க நான் மட்டும்தான் நிப்பேன்." பிறகு குரலைத் தணித்தார். "ஆமா, கெணத்துத் தண்ணிய எங்க கொட்டுன?"

"நான் எங்கயும் கொட்டலைங்க."

சவரிமுத்து அவன் காலடியைப் பார்த்தார். ஈரத் தடம் குப்பாயியின் கனகாம்பரப் பாத்தி வரைக்கும் போயிருந்தது. பாத்தியில் தண்ணீர் இன்னும் சுவறவில்லை.

"அக்கா அங்கதான் நிக்குது," என்றார். "போ. நீயே சொல்லு."