லீமா வீட்டு ஒயின்

விருத்தாசலத்தில் பீங்கான் பட்டறைகள் நெருக்கியடித்து நிற்கும் பக்கத்தில், லீமா வீட்டு ஒயின் வேண்டுமென்றால் ஆகஸ்டிலேயே சொல்லி வைக்க வேண்டும். நெய்வேலியிலிருந்தும் சேத்தியாத்தோப்பிலிருந்தும் ஆள் வரும். இருப்பதோ மூன்றே மூன்று ஜாடி. பன்னீர் திராட்சையைப் பிசைவதும் பட்டை கிராம்பு போடுவதும் லீமா. இருபத்தொரு நாள் மரக்கரண்டியால் கிளறுவது அவள் புருஷன் அருளானந்தம், இடது கையால்.

வலது கை விரல்கள் வெந்து ஒட்டிப்போய்விட்டன. 2003 டிசம்பர் பத்தாம் தேதி, சார்லஸ் பட்டறையில், சக்கரம் தேய்ந்த தள்ளுவண்டி சாய்ந்து, சூளையிலிருந்து வந்த சூடான தட்டுகள் அவன் மேல் சரிந்தன. வண்டியை மாற்றச் சொல்லி மூன்று தடவை கேட்டிருந்தான். முதலாளி சார்லஸ் ஆஸ்பத்திரி வாசலிலேயே கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்: "பொண்டாட்டி போட்ட ஒயின ஊத்திக்கிட்டு வந்தா கை நிக்குமா?"

அந்தப் பேச்சு ஊரில் தங்கிவிட்டது. வேறு எந்தப் பட்டறையும் அருளானந்தத்தை வாட்ச்மேனாகக்கூடச் சேர்க்கவில்லை. அவன் வாயைத் திறக்கவில்லை. ஒயின் போடுவதையே விட்டுவிடு என்று லீமாவுக்குப் புத்தி சொல்ல வந்தவர்களிடம் அவள் சொன்னாள்: "இன்னும் நல்லாப் போடுவேன். அந்தாளு எங்கிட்ட வந்து நிக்கிற அளவுக்குப் போடுவேன்."

நான்கு வருஷம் கழித்து, டிசம்பர் முதல் ஞாயிறு, அந்தாள் வந்து நின்றார். கூடவே மனைவி நான்சியும் பாண்டிச்சேரிச் சம்பந்தியும். மகள் ஆன் மேரிக்கு ஜனவரியில் கல்யாணம். கேக் வெட்டியதும் லீமா வீட்டு ஒயினைத்தான் ஊற்ற வேண்டும் என்று சம்பந்திக்கு ஆசை.

"ஒரு வாய் ருசி பாக்கலாமாம்மா?" என்றார் சம்பந்தி.

சார்லஸ் முந்திக்கொண்டார். "அதெல்லாம் நடக்காதுங்க! கிறிஸ்மஸுக்கு நாலு வாரம் முன்னாடி, திருவருகைக்காலம் பொறந்துட்டா இந்த வூட்டுல ஜாடி வாயக் கட்டிடுவாங்க. கிறிஸ்மஸ் பூசை முடியற வரைக்கும் வூட்டு ஆம்பளைக்கே ஒரு சொட்டு கெடையாது. அதாங்க அந்த ருசி!"

லீமா கையிலிருந்த டீ தட்டைக் கீழே வைத்தாள்.

"மொதலாளி, இது ஒங்களுக்கு எப்பலேருந்து தெரியும்?"

"எனக்கென்ன, இருவது வருஷமா ஊருக்கே தெரியுமே."

"அப்ப டிசம்பர் பத்தாந்தேதி எம் புருஷன் எந்த ஜாடியத் தொறந்து குடிச்சாரு?"

நான்சி தலையைக் குனிந்துகொண்டாள். சம்பந்தி விழித்தார். அவருக்கு லீமா எல்லாவற்றையும் சொன்னாள். தள்ளுவண்டியை, ஆஸ்பத்திரி வாசலை, அந்தப் பேச்சை. ஒரு இடத்திலும் குரல் உயரவில்லை. நான்கு வருஷமாக மனசுக்குள் ஒப்பித்துவந்தது அல்லவா.

"ஏதோ பதட்டத்துல சொன்னதும்மா..." என்று இழுத்தார் சார்லஸ்.

"சொன்னது ஊருக்கு முன்னாடி. இல்லன்னு சொல்றதும் அப்பிடியே ஆவட்டும். வர்ற ஞாயித்துக்கிழமை, கோயில் வாசல்ல."

"சொல்லிடுங்க சம்பந்தி. இப்பிடி ஒரு பழி இருக்கற வூட்டுல பொண்ணெடுக்க எங்களுக்கும் கூச்சமா இருக்குது" என்றார் பாண்டிச்சேரிக்காரர்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து ஜனம் படியிறங்கும்போது சார்லஸ் நின்றார். "அருளானந்தம் அன்னிக்குக் குடிக்கல. வண்டிதான் பழுது. எந் தப்பு." பாதி வார்த்தை மீசைக்குள்ளேயே போயிற்று.

"பின்னாடி நிக்கறவங்களுக்குக் கேக்கல மொதலாளி" என்றாள் லீமா.

மறுபடி சொன்னார். இந்த முறை சைக்கிள் நிறுத்துமிடம் வரைக்கும் கேட்டது.

கூட்டம் கலையும் முன்பே நான்சி ஓடிவந்து லீமாவின் கையைப் பிடித்தாள். "இப்ப மனசு ஆறிடுச்சில்ல லீமாக்கா? ஜனவரிக்கு எத்தன பாட்டில் எடுத்துக்கலாம்?"

"பாட்டிலா? தரேன்னு நான் எப்ப சொன்னேன்?"

நான்சியின் முகம் வெளுத்தது. அருளானந்தம் லீமாவின் தோளைத் தொட்டான். "வுடு லீமா. பொண்ணு கல்யாணம். அது என்ன பண்ணிச்சி?"

"நாலு வருஷமா நீ வுட்டது பத்தாதா? நட, வூட்டுக்கு."